நான் ஒளித்துவைத்த கட்டிங் ஆர்டர்

கரும்பு வெட்டச் சொல்லும் உத்தரவு இப்போதெல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அது ஒரு சீட்டாக வரும். சர்க்கரை ஆலையின் பீல்டுமேன் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுப்பார். கட்டிங் ஆர்டர் என்று பெயர். அது வராமல் யாரும் தன் கரும்பில் கத்தி வைக்க முடியாது. வெட்டுகிற ஆட்களையும் ஆலையே அனுப்பும். நான் சொல்லப்போவது கால்பந்துக் கதைதான், பிள்ளைகளே. ஆனால் இந்தச் சீட்டைப் பற்றித் தெரியாவிட்டால் எங்கள் ஊர்க் கால்பந்து உங்களுக்குப் புரியாது.

எங்கள் ஊர் மணலூர்பேட்டைக்குப் பக்கம். அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டுவது அவருக்குத் தொழில். ஊர் அணியை நடத்துவது அவருக்கு உயிர். ஐப்பசியில் லீக் ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆற்றோரப் பொட்டலில் ஆட்டம். எட்டு அணிகள். எல்லாவற்றையும் பொங்கலுக்குள் முடித்தாக வேண்டும். பொங்கல் போய்விட்டால் கல்வராயன் மலை அணியில் பாதிப்பேர் மிளகு பறிக்கக் கேரளாவுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

எங்களுக்கு அந்தக் கஷ்டம் மார்கழியிலேயே வந்துவிடும். எங்கள் அணியின் பலமே மூன்று பேர்தான். கோல் அடிப்பவர் ஒருவர். இடது காலால் அவர் அடித்தால் பந்து வளைந்து போய் விழும். இடதுகால் அண்ணன் என்றுதான் நான் கூப்பிடுவேன். கோலி அவருடைய தம்பி. பின்னால் நின்று தடுப்பவர் அவருடைய மச்சான். மூன்று பேரும் ஒரே கரும்பு வெட்டும் கோஷ்டி. ஆலை திறந்ததும் பெண்டாட்டி, சட்டி பானை எல்லாவற்றோடும் லாரி ஏறி, மேஸ்திரி சொல்கிற ஊருக்குப் போய்விடுவார்கள். கார்த்திகை வரை முதலிடத்தில் இருக்கும் எங்கள் அணி, மார்கழி முடியும்போது அடியில் கிடக்கும். வருஷா வருஷம் இதே கதை.

"இன்னா மாப்ள, ஆலை தொறந்துட்டானாமே? இனிமே நீ கோல் வாங்கற சீசனா?" என்று பக்கத்து டீக்கடையிலிருந்து கேட்பார்கள்.

மாமா டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பார்.

அந்த வருஷம் மட்டும் அதிசயம் நடந்தது. முதல் ஆர்டர்கள் எல்லாம் எங்கள் பக்கத்து ஊர்களுக்கே விழுந்தன. மூன்று பேரும் ஞாயிறு மாலையில் கத்தியைப் போட்டுவிட்டு நடந்தே ஆட்டத்துக்கு வந்தார்கள். நாங்கள் தோற்கவே இல்லை. கடைசி ஆட்டம் மலை அணியோடு. டிரா செய்தாலே கோப்பை எங்களுக்குத்தான். மாமா அந்த வாரம் சரியாகச் சாப்பிடவே இல்லை.

அப்படிப்பட்ட வாரத்தின் திங்கட்கிழமை பீல்டுமேன் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். அப்பாவும் அம்மாவும் கழனியில் இருந்தார்கள். நான் மட்டும்தான் இருந்தேன்.

"அப்பாகிட்ட குடு. நாளைக்குள்ள ஆபீஸ்ல வந்து கையெழுத்துப் போடணும்னு சொல்லு. உங்க ஊரு கோஷ்டிதான், நாலு நாள்ல வெட்டி முடிச்சிடுவாங்க" என்றார்.

"அப்புறம் அவங்க எங்க போவாங்க சார்?"

"வெள்ளிக்கிழமை லாரி ஏத்திடுவோம். வேற ஊரு."

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. வெள்ளியோடு மூன்று பேரும் போய்விடுவார்கள். ஞாயிறு ஆட்டத்துக்கு ஆள் இல்லை. அதே சீட்டு வியாழக்கிழமை அப்பா கைக்குப் போனால்? வெள்ளிக்கிழமை வெட்டு ஆரம்பிக்கும். திங்கட்கிழமை வரைக்கும் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் எங்கள் கரும்பிலேயே இருப்பார்கள். ஊரில் யாருக்கும் வராத யோசனை எனக்கு வந்துவிட்டதாக நினைத்தேன். சீட்டை மடித்துக் கணக்குப் புத்தகத்தில் வைத்தேன்.

வியாழன் மாலை, அப்போதுதான் வந்ததுபோல அப்பாவிடம் நீட்டினேன். அப்பா சீட்டைப் பிரித்தார். தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கா வந்திச்சு?"

"ஆமாம்பா."

அப்பா சீட்டைத் திரும்ப மடித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். இருட்டும்போது திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னார்: "கையெழுத்து போடலன்னு நம்ம ஆர்டரை வேற ஆளுக்கு மாத்திட்டானுங்க. வெட்டு ஆளுங்க நேத்தே எலவனாசூர்கோட்டைப் பக்கம் போய்ட்டாங்களாம். நமக்கு இனிமே பொங்கலுக்கு அப்புறம்தான்."

யாரைப் பிடித்து வைக்கத் திட்டம் போட்டேனோ அவர்களை நானே லாரி ஏற்றி அனுப்பியிருந்தேன். கரும்பைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. மாமாவின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்காரரைக் கோலியாக நிறுத்தினார்கள். முதல் பந்து வேகமாக வந்தபோது அவர் குனிந்துகொண்டார்.

"யோவ், பந்தைப் புடிய்யான்னா பந்துக்கு வழி வுடறியே" என்று மாமா கத்தினார்.

"மூஞ்சிக்கு வந்துச்சுப்பா, நான் இன்னா பண்றது" என்றார் அவர்.

இடைவேளைக்குள் இரண்டு கோல். மலைக்காரர்கள் மூச்சு வாங்காமல் ஓடினார்கள். மாமா தரையில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அப்பாவின் மொபெட் வந்தது. கால்பந்து பக்கமே எட்டிப் பார்க்காத அப்பா. பின்சீட்டில் இடதுகால் அண்ணன். மாமா எழுந்து ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி ஜெயித்துவிடுவோம் என்று நினைத்தேன்.

ஆனால் அண்ணனால் ஓடவே முடியவில்லை. பத்து அடி ஓடி இடுப்பில் கை வைத்து நின்றார். ஒருமுறை பந்து அவர் காலுக்கே வந்தது. மலை அணியின் கோலி முன்னால் ஓடி வந்துவிட்டதால் கோல் காலியாகக் கிடந்தது. அந்தப் புகழ்பெற்ற இடது காலால் அடித்தார். பந்து பம்புசெட் பக்கம் போனது.

"இன்னாய்யா இவன், கரும்பைக் கட்டி வுட்ட மாதிரி நிக்கறான்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை.

"இதுக்கு எதுக்குண்ணே வந்தீங்க?" என்று கோட்டோரம் நின்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மூன்றுக்குப் பூஜ்யம். கோப்பை மலைக்குப் போனது.

பொழுது சாயும் நேரத்தில் அண்ணனைத் திரும்பக் கொண்டுவிட அப்பா கிளம்பினார். எங்கள் கழனி வரைக்கும் நானும் வருகிறேன் என்று மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டேன். பின்னால் அவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நேத்து ராத்திரி நீங்க வந்து கேட்டதும் என் பொண்டாட்டிதான் போய்ட்டு வான்னா. விடியறதுக்கு முன்னாடியே எறங்கி என் பங்கை வெட்டிப் போட்டுட்டேன். கட்டு கட்டறது, தூக்கறது எல்லாம் அவ ஒருத்தியே பாத்துக்கறேன்னா" என்றார் அண்ணன்.

அப்பா ஒரு பள்ளத்தை விலக்கி மொபெட்டை ஓட்டினார்.

"ஆனா உங்க ஆர்டர் மட்டும் ஏங்க தள்ளிப்போச்சு? வந்திருந்தா வெள்ளிக்கிழமை வரைக்கும் நாங்க மூணு பேரும் இங்கியே இருந்திருப்போம். மேஸ்திரிகிட்ட கெஞ்சியாவது ரெண்டு நாள் நின்னு ஆடியிருப்போம்."

நான் ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கியோ மாட்டிக்கினு இருந்துச்சு. லேட்டாத்தான் கைக்கு வந்துச்சு" என்றார் அப்பா.

அப்பாடா, அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்தேன். அவ்வளவு நிம்மதி. கழனி வந்ததும் இறங்கிக்கொண்டேன். எங்கள் கரும்பு முழுவதும் பூத்து நின்றது. சாயங்கால வெளிச்சத்தில் வெள்ளைக் கதிர்கள் காற்றுக்கு அசைந்தன. கரும்பு பூத்துவிட்டால் அதன் சாறு குறைந்து உள்ளே சக்கையாகத் தொடங்கிவிடும், அதற்குள் வெட்டியாக வேண்டும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

"ரொம்ப அழகா இருக்குப்பா, இப்படியே வுட்டுடலாமா?" என்று கேட்டேன்.

அப்பா மொபெட்டை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கரும்பையே பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

"அழகாத்தான்டா கீது" என்றார்.