ஓடு மாற்றச் சொன்னாள்

என் அக்கா கமருன்னிஸாவின் வீட்டுக்கு மேலே போட்ட கான்கிரீட் தளத்தைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். தெருவே அதைப் பார்த்துச் சவூதிப் பணம் என்று வாயைப் பிளக்கும். பிளக்கட்டும். அந்தத் தளத்துக்கு அக்கா என்ன விலை கொடுத்தாள் என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீடு பெண்ணுக்கு என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். அப்படித்தான் அம்மாவின் நாட்டு ஓட்டு வீடு அக்காவுக்கு வந்தது. மச்சான் சலாஹுதீன் அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. அவர் பிறந்து வளர்ந்தது கொள்ளிடக்கரையில் ஒரு கீற்று வீட்டில். கல்யாணமான கையோடு தமாமுக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போனவர், லீவில் வருவதெல்லாம் கோடையில்தான். மழை பிடிப்பதற்குள் திரும்பிவிடுவார்.

மகள் அனீஸா பிறந்தபோதும் அவர் இல்லை, அவள் குர்ஆன் ஓதி முடித்தபோதும் இல்லை. அதனால் அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அவள் நிக்காஹ் சபையில் தகப்பன் என்று தான் உட்கார்ந்து, தன் வாயால் சம்மதம் சொல்லிப் பெண்ணைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவை ஊருக்கு வந்தபோதும் அதைச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்குவார்.

தொண்ணூற்றாறில் அனீஸாவுக்கு இடம் அமைந்தது. மச்சானின் ஒப்பந்தமும் அந்த வருஷத்தோடு முடிகிறது, ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவதாகப் பேச்சு. அக்கா கடைத்தெரு டெலிபோன் பூத்துக்குப் போனாள், நானும் கூடப் போனேன். பின்னால் ஆட்கள் காத்து நிற்க, மீட்டர் ஓட ஓட அவளுக்குப் பதற்றம். தையில் கல்யாணம், வந்துவிடுங்கள் என்றாள். அப்புறம் பேச்சோடு பேச்சாக, "மழைக்கு முன்னாடி ஓடு மாத்தணுங்க" என்றாள். சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார்.

நாட்டு ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு ஓடு மாற்றுவது என்றால் என்னவென்று தெரியும். ஆள் ஏறி ஓட்டைப் பிரித்து, குப்பையைத் தட்டி, உடைந்ததற்குப் பதில் வேறு வைத்து, மற்றதைத் திரும்ப அடுக்குவார். வருஷா வருஷம் புரட்டாசியில் நடக்கிற வேலை. ஆனால் கீற்று வீட்டில் மாற்றுவது என்றால் பழசை முழுக்கப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுசு போடுவது. மச்சான் காதில் விழுந்தது அந்த மாற்றுவது. சம்பந்தி வீட்டார் வரும்போது வீடு கௌரவமாக இருக்க வேண்டும் என்று பெண்டாட்டி வாய்விட்டுக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் மனுஷன். ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போட்டார், முன்பணம் வாங்கினார், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். கல்யாணத்துக்கு முதலாளி லீவு தருவார், ஓட்டை எடுத்துவிட்டுத் தளமே போட்டுவிடச் சொல்லுங்கள் என்று சேதி. அக்கா திகைத்துப் போனாள். மச்சானுக்கு ஆசை போலிருக்கிறது, குறுக்கே நிற்கக் கூடாது என்றாள். அந்தத் தளத்துக்கு ஆசைப்பட்டவர் இரண்டு பேரில் ஒருவரும் இல்லை. நான் மட்டும் கத்திப் பார்த்தேன், யார் கேட்டார்கள்?

ஓட்டைப் பிரித்த பிறகுதான் கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார். மண் சாந்துச் சுவர் தளத்தைத் தாங்காது, தூண் எழுப்ப வேண்டும் என்றார். அதை முதலிலேயே தட்டிப் பார்த்தால் என்னவாம்? ஆற்றில் வெள்ளம் வந்து மணல் விலை ஏறிக்கொண்டது. எங்கள் சந்தில் லாரி நுழையாது, ஜல்லி முழுக்கத் தலைச்சுமை, அதற்குத் தனிக் கூலி. பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மச்சானுக்குப் போன் போட்டபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் என்பதுதான் பேச்சு. அவரும் முதலாளியிடம் முன்பணம் மேல் முன்பணமாக வாங்கி அனுப்பினார்.

தையில் நிக்காஹ் நடந்தது. கூரையில்லாத வீட்டில் நடத்த முடியாமல் மச்சானின் தம்பி வீட்டில் நடந்தது. வாங்கிய முன்பணம் கழியாமல் முதலாளி மச்சானின் பாஸ்போர்ட்டைத் தரவில்லை. சபையில் தகப்பன் இடத்தில் தம்பிதான் உட்கார்ந்து சம்மதம் சொன்னார். அனீஸா உள்ளே என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அத்தா எங்கே என்று அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

முன்பணமெல்லாம் கழிந்து மச்சான் வந்து சேர்ந்தபோது தளம் பூச்சு முடிந்து வெள்ளையடித்திருந்தது. அனீஸாவை மாப்பிள்ளை மலேசியாவுக்குக் கூட்டிப் போயிருந்தான். சித்திரை வெயிலில் தளம் அனலைக் கொட்ட, மூன்று பேரும் கீழே உட்கார்ந்திருந்தோம். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை மச்சான் அன்று கேட்டேவிட்டார்.

"ஓட்டு வீட்டுல கல்யாணம் நடந்தா ஆகாதா, கமரு? தளம் வேணும்னு ஏன் கேட்ட?"

"நான் எங்கங்க கேட்டேன்? வருஷா வருஷம் ரெத்தினம் ஏறி மாத்திட்டுப் போவாரே, அதைத்தான் சொன்னேன். தளம் உங்க ஆசைன்னுல்ல நெனச்சேன்."

ரெத்தினம் என்ன வேலை செய்வார் என்று மச்சான் கேட்டார். அக்கா சொன்னாள், ஓட்டைப் பிரிப்பது, தட்டுவது, திரும்ப அடுக்குவது எல்லாம். அதற்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்று மட்டும் கடைசியில் கேட்டார்.

"ஒரு நாள்தாங்க. சாயங்காலம் எறங்கிடுவாரு."

மச்சான் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்ப நான் வந்திருக்கலாமே, கமரு" என்றார்.