மேனாவின் படுக்கைக் கார்

சமையலறையில் ஒரு பீங்கான் தட்டு விழுந்து நொறுங்கியது. முன்னறையில் உட்கார்ந்திருந்த நாங்கள் மூன்று பெண்களும் அசையவில்லை. தட்டைத் தவறவிட்டவள் ரொசெல்லா. வருகிற ஜூன் மாதம் மணப்பெண்ணாகக் கோயிலில் நிற்க வேண்டியவள். "இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்று ஜில்டா சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது.

ஜில்டா பெரார்டி, மாப்பிள்ளை ரெமோவின் அம்மா. கறுப்பு உடை, மடியில் கைப்பை, கழற்றாத கோட்டு. சோபாவின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். எதிரே ரொசெல்லாவின் அம்மா மேனா. பக்கத்தில் நான், பீனா, எதிர்வீட்டுக்காரி. ரொசெல்லாவின் ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய். மேனா சுட்டு வைத்திருந்த சோம்பு பிஸ்கட்டை யாரும் தொடவில்லை.

"நான் சண்டை போட வரல மேனா," என்றாள் ஜில்டா. "ஒரே ஒரு கேள்விதான். அந்தப் பனிப்புயல் அன்னிக்கு உன் கார்ல சீட்டைப் படுக்கையாப் போட்டு, உன் கோட்டைப் போத்திக்கிட்டுப் படுத்திருந்தானே ஒரு ஆம்பளை, அவன் யாரு? பேரைச் சொல்லு, நான் எந்திரிச்சுப் போயிடறேன்."

மேனா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வெந்நீரிலும் சோப்பிலும் சிவந்துபோன கைகள். அந்தப் பெயர் அவள் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் மகளின் கல்யாணம் நடக்கும். ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் காரைப்பற்றிச் சொல்லாமல் மேனாவைப்பற்றிச் சொல்ல முடியாது.

சிகாகோவுக்கு வடக்கே இருக்கும் எங்கள் கெனோஷா ஊரில் கார்த் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் ஊர் எழும், ஊதினால் ஊர் சாப்பிடும். ஏரிக்கரையில் இருக்கும் அந்த ஆலையில் முதலில் ரேம்ப்ளர் என்று ஒரு கார் செய்தார்கள். பிறகு நாஷ் என்று பெயர் மாறியது. பிறகு நாஷும் ரேம்ப்ளரும் சேர்ந்து ஓடின. கடைசியில் நாஷ் என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். நான் சொல்லும் இந்த அறுபத்தொன்பதாம் வருடம் ரேம்ப்ளர் என்ற பெயரும் போகப்போகிறது என்று மதுக்கடையிலும் சர்ச்சிலும் ஒரே பேச்சு. பெயர் எதுவானாலும் அந்தக் கார்களுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. முன் இருக்கையின் முதுகைப் பின்னால் சாய்த்தால் அது பின் இருக்கையோடு சேர்ந்து மெத்தைபோலாகிவிடும். வேட்டைக்குப் போகிறவர்கள் அதில் தூங்குவார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள் சத்திரச் செலவில்லாமல் நாடு சுற்றி வருவார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் மட்டும் அந்தக் காரைக் கண்டால் வாசல் கதவைத் தாழ்போடுவார்கள்.

மேனாவின் அப்பா கயெத்தானோவும் பெண்ணைப் பெற்றவர். அதைவிட மோசம், ஆலையில் அந்த இருக்கைகளைப் பொருத்துகிற வேலையே அவருடையது. மேனாவுக்குப் பத்தொன்பது வயதில் சில்வியோ என்ற பையன் ஒரு பழைய நாஷில் வந்து அவளை ஏரிக்கரைக்கு அழைத்துப்போகக் கேட்டான். "தம்பி, அந்தச் சீட்டை மாட்டினதே நான்தான். அது என்னென்ன பண்ணும்னு எனக்குத் தெரியும், நீ போயிட்டு வா," என்று திருப்பி அனுப்பினார். மறுநாள் சில்வியோ திரும்ப வந்தான். துணி காயப்போடும் கயிற்றால் இருக்கையின் முதுகை இழுத்து, சாயவே முடியாதபடி கட்டியிருந்தான். கயெத்தானோ குனிந்து முடிச்சுகளைச் சோதித்தார். திருப்திப்படாமல் தன் பங்குக்கு மேலும் ஒரு முடிச்சுப் போட்டார். பிறகுதான் மகளை ஏற்றி அனுப்பினார். அன்று முழுவதும் இருவரும் பலகையில் கட்டிய பொம்மைகள்போல் விறைத்து உட்கார்ந்து ஊரைச் சுற்றினார்கள்.

இந்தக் கதையை மேனா எத்தனை தடவை சொன்னாலும் முடிவில் ஒன்றைச் சேர்ப்பாள். "அப்பா சீட்டைத்தான் கட்டினாரு, சில்வியோவைக் கட்டல."

கல்யாணமாகி ரொசெல்லா பிறந்தாள். சில்வியோவும் ஆலையில் சேர்ந்தான். அறுபத்தொன்றில் ஒரு நீல நிற ரேம்ப்ளர் கிளாசிக் வாங்கினார்கள். சிகாகோவிலிருந்து சில்வியோவின் அண்ணன் கப்பல்போல நீண்ட ஒரு வண்டியில் வருவான். ரேம்ப்ளரைச் சுற்றிவந்து, இது பாதிரியாரின் அத்தை ஓட்டுகிற வண்டி என்று கிண்டலடிப்பான். திரும்பிப் போகும்போது பெட்ரோல் போடத் தம்பியிடம்தான் கைநீட்டுவான். சில்வியோ சிரித்துக்கொண்டே கொடுப்பான்.

அந்தச் சிரிப்பை நாங்கள் அதிக நாள் பார்க்கவில்லை. சில்வியோவின் முதுகெலும்பில் புற்று வந்தது. உட்கார முடியாது, உட்கார்ந்தால் உயிர் போகிற வலி. சிகிச்சைக்கு மில்வாக்கி போக வேண்டும். மேனாவுக்கு அதுவரை காரோட்டத் தெரியாது. ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள். ரேம்ப்ளரின் இருக்கையைச் சாய்த்து, தலையணை வைத்து, கணவனைப் படுக்கவைத்து, பனியிலும் மழையிலும் அவள் ஓட்டிய தூரம் கொஞ்சமல்ல. வலி தாங்காமல் அவன் முனகும்போது இவள் பாடுவாள். அவளுக்குப் பாட்டு சுத்தமாக வராது. "பாடாதே மேனா, வலியே தேவலாம்," என்பானாம் சில்வியோ. கடைசியாக ஒருநாள், வீட்டுக்குத் திரும்பும் வழியில், அவள் பாடிக்கொண்டிருந்தபோதே, அவன் பதில் சொல்லவில்லை.

வேறொரு பெண்ணாக இருந்தால் அந்தக் காரைக் கண்ணால் பார்க்கக்கூட மாட்டாள். மேனா அதை விற்கவில்லை. பின்தெருவில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு உட்கார முடியவில்லை என்று கேள்விப்பட்டாள். தானே போய் வாசலில் ஹாரன் அடித்தாள். அப்படித்தான் ஆரம்பித்தது. கால் ஒடிந்தவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்கள், மாதம் நிறைந்த பெண்கள், யாராயிருந்தாலும் படுத்துக்கொண்டு போக வேண்டுமென்றால் மேனாவுக்குச் சொல்லியனுப்புவார்கள். என் பித்தப்பையை எடுத்தபோது நானும் அந்த இருக்கையில்தான் வீடு வந்தேன். வயிற்றுத் தையலில் கைவைத்தபடி மேலே பார்த்தால், கண்ணாடி வழியாக மரக்கிளைகள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் மேனா, "இப்ப ஒண்ணு வருது, பல்லைக் கடிச்சுக்க," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. யாருக்கு என்ன வியாதி, யார் எங்கே போனார்கள் என்று ஒரு வார்த்தை வெளியே விட்டதுமில்லை. எனக்குக்கூடச் சொல்ல மாட்டாள். நான் கேட்காமல் இருந்தவளும் இல்லை.

இனி அந்தப் பனிப்புயல். அன்று என்ன நடந்தது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபத்தேழு ஜனவரி. காலையில் தொடங்கிய பனி மதியத்துக்குள் தெருவையே விழுங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தை மூடி மேனாவை அனுப்பிவிட்டார்கள். ஆலையிலும் பாதி வேலையில் விட்டுவிட்டார்கள். ஏரிக்கரைச் சாலையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்த மேனா, பனிக் குவியலின்மேல் ஒரு மனிதன் குப்புறக் கிடப்பதைப் பார்த்தாள். ஜில்டாவின் கணவன் ஒத்தாவியோ. ஆலையிலிருந்து நடந்து வந்தவனுக்கு நெஞ்சுவலி. எப்படியோ இழுத்துக் காரில் போட்டு, இருக்கையைச் சாய்த்துப் படுக்கவைத்தாள். அதற்குமேல் கார் நகரவில்லை. முன்னும் பின்னும் பனி. தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தினாள். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவாள், அணைப்பாள். இறங்கிப் போய்ப் புகைக்குழாயை மூடும் பனியை வெறுங்கையால் அள்ளுவாள். திரும்ப வந்து அவன் கைகளைத் தேய்ப்பாள். தூங்கிவிடக் கூடாதே என்று பாடவும் செய்திருக்கிறாள். பாவம், அதையும் அவன் தாங்கினான்.

உயிர் திரும்பியதும் அவன் முதலில் கேட்டது ஒரு சத்தியம். அவனுடைய மூத்த மகன் புரூனோ வியட்நாமில் செத்துப் பிணப்பெட்டியில் வந்து அப்போது மூன்று மாதம்தான். ஜில்டா துக்கத்துக்குப் போட்ட கறுப்பு உடையைக் கழற்றவேயில்லை, சாப்பிடுவதில்லை, ராத்திரி எழுந்து புரூனோவின் சட்டைகளைத் துவைத்துக்கொண்டிருப்பாள். என் நெஞ்சிலும் கோளாறு என்று தெரிந்தால் அவள் மனது பேதலித்துவிடும், யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினான். மேனா சரி என்றாள். சாயங்காலம் பனி அள்ளும் வண்டி வந்தது. அதை ஓட்டியவன், ஆவி படிந்த கண்ணாடிக்குள் படுக்கையாகச் சாய்ந்த இருக்கையையும், கோட்டுக்கடியில் ஒரு ஆணின் காலணியையும், பக்கத்தில் கோட்டில்லாமல் மேனாவையும் பார்த்தான். இறங்கி வந்து யாரென்று பார்க்கவில்லை. பார்த்தவரை போதுமென்று அன்றைக்கே மதுக்கடையில் கடைவிரித்துவிட்டான். ஒத்தாவியோ பக்கத்து ஊரான ராசீனில் இருக்கும் ஒரு டாக்டரிடம் ரகசியமாகப் போனான். புயலுக்காக ஆலைக்குள்ளேயே தங்கிவிட்டதாக மனைவியிடம் சொன்னான்.

இரண்டு வருடமாக ஊர் மென்ற அந்தப் பேச்சை மேனா ஒரு நாளும் மறுக்கவில்லை. அந்த வீட்டுப் பையனே தன் மகளை விரும்புவான் என்று அவள் கண்டாளா?

"பேசாம இருந்தா என்ன அர்த்தம்?" என்றாள் ஜில்டா. "நான் கெட்டவ இல்ல மேனா. எனக்கு இருக்கிறது ஒரே புள்ள. அவனைப் பாத்து நாலு பேர் சிரிக்கக் கூடாது."

"என் கார்ல படுத்துட்டு வந்தவங்க பேரை நான் சொல்றதில்ல, ஜில்டா. எதுக்காகவும் சொல்றதில்ல."

"உன் மகளுக்காகக்கூடவா?"

மேனாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. சமையலறைக் கதவருகே ரொசெல்லா வந்து நின்றாள். கையில் உடைந்த தட்டின் துண்டுகள். அம்மா எனக்காக ஒரே ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா என்று அந்தக் கண்கள் கேட்டன. மேனா மகளைப் பார்த்தாள். ஜில்டாவின் கறுப்பு உடையைப் பார்த்தாள். இரண்டு பேரில் யாரைக் காப்பாற்றுவது என்று அவள் நெஞ்சு கிடந்து துடித்தது எனக்குத் தெரிந்தது. காரணம்தான் தெரியவில்லை.

"என் மகளுக்காகவும் சொல்ல முடியாது," என்றாள்.

ஜில்டா எழுந்தாள். அப்போது வாசல் கதவு திறந்து ஒத்தாவியோ உள்ளே வந்தான். தெருவில் காருக்குள் காத்திருக்கச் சொல்லிவிட்டுத்தான் மனைவி வந்திருந்தாள். தொப்பியைக் கையில் பிடித்தபடி கம்பளத்தைப் பார்த்து நின்றான்.

"அந்த ஆள் நான்தான் ஜில்டா."

ஜில்டாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கையோங்கிக்கொண்டு மேனாவின் பக்கம் திரும்பினாள். நான் நடுவில் பாய்ந்தேன். ஒத்தாவியோ அவசரமாகத் தன் உள்பையிலிருந்து ஒரு சின்ன மாத்திரைக் குப்பியை எடுத்து நீட்டினான். பனிக்குவியல், நெஞ்சுவலி, போர்த்திய கோட்டு, வாங்கிய சத்தியம் எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான். பெரிய உடம்புக்காரன், குழந்தைபோல விசும்பினான்.

ஓங்கிய கை மெல்ல இறங்கியது. ஜில்டா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். அழவில்லை. மேனாவிடம் மட்டும் கேட்டாள்.

"உன் பொண்ணோட வாழ்க்கை போகுதுன்னு தெரிஞ்சும் ஏன் வாயை மூடிக்கிட்டிருந்த?"

"நீ இன்னும் கறுப்பை மாத்தலியே," என்றாள் மேனா.

ஜில்டா தன் உடையைக் குனிந்து பார்த்தாள், அதை அப்போதுதான் பார்ப்பவள்போல. பிறகு மேனாவின் சிவந்த கைகளைப் பற்றித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எனக்குத்தான் அழுகை தாங்கவில்லை. கைக்குட்டை கிடைக்காமல் மேஜைத் துணியின் ஓரத்தை எடுத்தேன்.

கடைசியில் ஜில்டா கணவனிடம் திரும்பினாள். கார் சாவியைக் கேட்டாள்.

"சாவி எதுக்கு? உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே," என்றான் அவன்.

"நீ இனிமே ஓட்டப்போறதில்ல. ரெண்டு வருஷமா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு என்னைக் கூட்டிட்டுத் திரிஞ்சிருக்க, திருட்டுப் பயலே. வீட்டுக்கு வா, பேசிக்கறேன்."

சாவியை வாங்கியவள் நேரே ரொசெல்லாவிடம் போனாள். பெண்ணின் கையிலிருந்த பீங்கான் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். காலியான அந்தக் கையில் சாவியை வைத்தாள்.

"எங்களைக் கொண்டு வீட்ல விடும்மா. ரெமோ வீட்லதான் இருக்கான், காலையிலேருந்து எதுவும் சாப்பிடல. நீ சொன்னா சாப்பிடுவான்."

ரொசெல்லா அம்மாவைப் பார்த்தாள். மேனா தலையை அசைத்து, வெளியே குளிரும், கோட்டை எடுத்துக்கொள் என்றாள். ஒத்தாவியோ முதலில் இறங்கினான். ஜில்டா அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். பின்னாலேயே ரொசெல்லா. கார் கிளம்பித் தெருமுனையில் திரும்பும்வரை மேனா வாசலிலேயே நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.