முனியாண்டி துப்பிய சுருட்டு

இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு திக்கென்கிறது. அத்தனை சனம் பார்த்துக்கொண்டிருக்க, முனியாண்டி சாமி வாயில் வைத்த சுருட்டைத் துப்பிவிட்டது.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். எஞ்சினில் இருக்கும்வரை கரிப்புகை, இறங்கிவிட்டால் சுருட்டுப் புகை. அதிலும் கிள்ளானில் கப்பல் சரக்காக வந்து இறங்குகிற திருச்சிச் சுருட்டுதான் ஆக வேண்டும். பாசார் சந்தையில் கிடைப்பதை வாங்கிக் கொடுத்தால் வரட்டி என்று வீசுவார். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் லய வீடுகளுக்குப் பின்னால், தண்டவாளத்தோரம் இருந்த முனியாண்டி கோயிலுக்கு அவர்தான் சாமியாடி. வருஷப் படையலன்று அவர்மேல் சாமி இறங்கும். இறங்கியதும் முதலில் சுருட்டு கேட்கும். அதை ஊதிய பிறகுதான் குறி சொல்லும்.

அந்த வருஷம் அவருக்கு இருமல் பிடித்தது. என்ன இருமல்! படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினார். நான் கரடியாய்க் கத்தி டாக்டரிடம் இழுத்துப் போனேன். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டவர் முகம் சுருங்கிவிட்டது.

"இஞ்ச பாரும், சுருட்டை விடாட்டி உம்மட நெஞ்சு கனகாலம் தாங்காது. பிறகு இந்தப் பிள்ளை அழுது பிரயோசனமில்லை" என்றார் என்னைக் காட்டி.

வெறும் இருமல் என்றல்லவா நினைத்திருந்தேன்! கருப்புப் போத்தல் ஒன்றைக் கொடுத்தார். அந்த மருந்தால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. அதற்குப் பிறகு சுருட்டைத் தொட்டால் குமட்டுமாம்.

இவர் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து கொப்பளித்த கையோடு ஒன்றைப் பற்றவைத்தார். ஒரே இழுப்புதான். வாசலுக்கு ஓடி ஓங்கரித்தார்.

"அடிப்பாவி, செத்த எலிய வாயில வச்ச மாதிரி இருக்குடி!"

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மருந்து சிந்திய என் விரல்கள் கருத்துப்போய், சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் இருமல் அடங்கி மனிதர் மல்லாந்து படுத்துத் தூங்கினார். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே எத்தனையோ முறை முனியாண்டியைக் கும்பிட்டிருக்கிறேன்.

படையல் வந்தது. "சுருட்டுக்கு என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

"நான் குடிக்கிறதத்தானே டாக்டர் நிறுத்தச் சொன்னாரு? சாமி குடிக்கிறது சாமி பாடு. எனக்கென்ன?" என்றார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. சாமி வந்துவிட்டால் அவர் அங்கே இல்லை. தீச்சட்டி ஏந்தினாலும் கை சுடாது. அப்படிப்பட்டவரை ஒரு வாய் மருந்து என்ன செய்யும்? அன்று காலையிலும் நானே போத்தலை நீட்டினேன், அவரும் கொப்பளித்தார்.

சாயங்காலம் உறுமி முழங்கியது. சாமி இறங்கியது. சுருட்டைப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். ஒரு இழுப்பு. முகம் கோணி, சுருட்டைத் துப்பி, அரிவாளை ஊன்றிக்கொண்டு ஓங்கரித்தது சாமி.

உறுமி நின்றது. "ஐயோ, சாமி வேணாங்குதுலா!" என்று யாரோ அலறினார்கள். வேறொன்று கொடுத்தார்கள். அதையும் துப்பியது. கோயில் தலைவர் பெண்கள் பக்கம் திரும்பி, "எவளோ தீட்டோட வந்திருக்கா!" என்று கத்தினார். அப்புறம் என்னைப் பார்த்தார். "சாமியாடி பொண்டாட்டி, நீ சுத்தமாத்தான் வந்தியா?"

எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. "யோவ், நாக்கு அழுகிப் போயிரும்! தீட்டுமில்ல, ஒண்ணுமில்ல. டாக்டர் குடுத்த மருந்து அது. அந்த வாய்க்குச் சுருட்டுன்னா குமட்டும்!"

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. எந்த வாய்க்கு? சாமி வாய்க்கா, இவர் வாய்க்கா? காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குறி கேட்க வந்திருந்த ஒருத்தி என்னையே பார்த்தாள். ஐயோ, என்ன பேசிவிட்டேன்!

சாமி என் பக்கம் திரும்பியது. சாமி எந்தப் பெண்ணையும் 'மகளே' என்றுதான் கூப்பிடும், என்னையும்கூட.

"வாய மூடு புள்ள" என்றார்.

சோற்றில் உப்பில்லை என்று வீட்டில் சொல்கிற அதே குரல். கூட்டமே கேட்டது. அவரும் கேட்டார்.

அடுத்த வருஷம் அவருக்காக வெகு நேரம் உறுமி அடித்தார்கள். மாலையும் கழுத்துமாகக் கண்ணைத் திறந்தபடியே நின்றார். சாமி வரவில்லை. "மருந்த விட்டுட்டுப் பழையபடி ஊது, தன்னால வரும்" என்றார்கள். வீட்டுக்கு வந்து போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கீழ ஊத்துனா நான் உசுரோட இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றேன். எடுத்த இடத்திலேயே வைத்தார். சாமியாட அவரை அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

இருமல் திரும்பவேயில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிருந்தோம். யாரோ கொளுத்தி வைத்த சுருட்டு சாமி முன்னால் புகைந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"அன்னிக்குத் துப்புனது அவருதானே? இவன் பொழைக்கட்டும்னு அவரா என்ன விட்டுட்டுப் போயிட்டாருல்ல?"

கண்ணில் தண்ணீர் நின்றது. எங்களுக்குக் கல்யாணமான நாள் முதல் அவர் அழுது நான் பார்த்ததேயில்லை. திடுக்கிட்டுப் போனேன்.

"அவருதாங்க. வேற யாரு?" என்றேன்.

"வாய மூடு புள்ள" என்ற அந்தக் குரல் என் காதிலேயே இருந்தது.