எட்டு மணிக்குத்தான் லே

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் குடியிருந்த வெள்ளைச்சாமி துறையூர் பஸ் டிரைவர். கறுப்புச் சட்டைக்காரர். ரெங்கநாதர் ஊரில் இருந்துகொண்டே, எழுந்து உட்காரக்கூடச் சோம்பல்படுகிற சாமியை எதற்குக் கும்பிடுவது என்று கேட்பார். மனைவி வீராயியோ சமயபுரத்தாள் தும்மினால் தனக்கு ஜலதோஷம் பிடிக்கிற ரகம்.

1963-ல் பட்டாளத்திலிருந்த மகன் தங்கையன் ஒரு கடுதாசி போட்டான். வருகிற திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஸ்ரீநகரிலிருந்து லடாக்கில் லே என்ற ஊருக்கு விமானத்தில் போகிறானாம். வீராயி அப்போதே சமயபுரத்தாளிடம் வேண்டிக்கொண்டுவிட்டாள். பிள்ளை தரையில் இறங்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

போன மாதம்தான் விரதம் இருந்து கோயில் வாசலில் மயங்கி விழுந்தவள். காலையில் வயிற்றைக் காயப்போடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெள்ளைச்சாமிக்கு அந்தக் கவலை. வாய் மட்டும் அடங்கவில்லை.

“லடாக்கு வரைக்கும் உங்க ஆத்தா எப்படிப் போவா? அவளுக்கும் பட்டாளத்துல பாஸ் குடுத்திருக்காங்களா?”

“அவ போவா. உங்கள மாதிரி வழியில டீக்கு நிறுத்த மாட்டா.”

திருச்சி விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் ஹனீஃபாவிடம் போய், லே போக எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்தார். அவன் உள்ளே கேட்டுவிட்டு வந்து சொன்னான்.

“நூத்தி அறுபது மைல்ண்ணே. முக்கா மணி நேரம்.”

“பாண்டிச்சேரியத் தாண்டுற தூரம் இருக்கு. முக்கா மணியா? அதுவும் மலைப்பாதை. ஏற்காடு ஏறினவன்டா நான். வளைவுல எல்லாம் ரெண்டாவது கியர்லதான் போவணும்.”

“ஆகாசத்துல ஏதுண்ணே வளைவு?”

“மலையச் சுத்தாம, குடைஞ்சிக்கிட்டா போவும்?”

ஹனீஃபா தலையில் அடித்துக்கொண்டான். வெள்ளைச்சாமி தன் கணக்கையே நம்பினார். இரண்டு மணி நேரம், அதற்குக் குறையாது. வீட்டில் மட்டும் கால் மணி நேரம் என்று கூசாமல் புளுகினார்.

திங்கட்கிழமை ஆறேகால் ஆனதும், “இறங்கிட்டான், சாப்பிடு” என்றார். வீராயி சமயபுரம் இருக்கும் திசையைக் கும்பிட்டுவிட்டு இட்லியைப் பிட்டாள். இவர் தட்டிலும் நாலு வைத்தாள். அவர் தொடவில்லை. கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது. காப்பியில் ஆடை படிந்தது.

“சாப்பிடலையா?”

“பல்லு வலி.”

முப்பது வருஷத்தில் இந்த மனுஷனுக்குப் பல் வலித்து அவள் பார்த்ததில்லை. கரும்பைக் கடித்துத் துப்புகிற பல் அது.

“எத்தனை மணிக்குங்க சரியாப் போவும்?”

“எட்டு மணிக்கு” என்று யோசிக்காமல் சொன்னவர், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீராயி கடிகாரத்தைப் பார்த்தாள். பிட்ட இட்லியைத் தட்டிலேயே போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். இரண்டு தட்டையும் மூடி வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் எவ்வளவோ கெஞ்சினார். அவள் அசையவில்லை.

லீவில் வந்தபோது தங்கையன் சொன்னான். அன்றைக்கு ஏழு மணிக்கெல்லாம் லேயில் இறங்கி, ஆறு ரொட்டி தின்றுவிட்டுத் தூங்கிப்போனானாம்.

“நீங்க ரெண்டு பேரும் அப்ப என்ன செஞ்சிக்கிட்டிருந்தீங்க?”

“உங்கப்பா விரதம் இருந்தாருப்பா” என்றாள் வீராயி. “நான் துணைக்கு உக்காந்திருந்தேன்.”