பழனிதாவின் ஏழாம் குறிப்பேடு

பழனிவேலு கண்டுபிடித்த உண்மையை எங்கள் அலுவலகம் தெரிந்தே பூட்டிவைத்தது. பூட்டியவர்களில் நானும் ஒருத்தி. அஞ்சலியை இப்படித் தொடங்காதே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வேறு எப்படித் தொடங்கினாலும் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, கொல்கத்தாவின் கிடர்பூரில் உள்ள எங்கள் கிடங்கிலிருந்து காவலர் அன்வர் தொலைபேசியில் அழைத்தார். "தீதி, பழனிதா வரல. இனிமே வரமாட்டார்" என்று இந்தியில் சொல்லிவிட்டு அழுதார். முந்தைய நாள் வீட்டில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. மதியத்துக்குள் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிவிட்டார்கள். "கிடங்கு ஊழியர் திரு. பழனிவேலு காலமானார்." பன்னிரண்டு ஆண்டுகள் இமயத்தின் பனியாறுகளில் ஏறி இறங்கிய சர்வேயர் அவர். ஆனால் தாளில் கிடங்கு ஊழியர்தான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காரக்பூர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவரின் மகன். வங்காளிகள் பெயரோடு 'தா' சேர்த்து அண்ணனாக்கிவிடுவார்கள். அப்படி அலுவலகம் முழுவதற்கும் அவர் பழனிதா. எனக்கும்தான். என்னைவிட இருபது வயது மூத்தவர், என்னைக் கடைசிவரை மேடம் என்றே அழைத்தார். நான் தேர்வு எழுதி வந்த அதிகாரி, அவர் தொழில்நுட்ப ஊழியர். நான் வங்கி அதிகாரியின் மகள் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த இடைவெளியை எந்த மலையிலும் நாங்கள் தாண்டியதில்லை.

எங்கள் வேலை சொல்வதற்கு எளிது. பனியாறு முடியும் இடத்தை மூக்கு என்போம். அதற்கு எதிரே, நகராத பாறையில் ஒரு குறி போட்டுவிட்டு வருவோம். அடுத்த ஆண்டு போய், குறியிலிருந்து மூக்குக்கு எவ்வளவு தூரம் என்று அளப்போம். தூரம் கூடியிருந்தால் பனி பின்வாங்கியிருக்கிறது. எல்லாம் அந்தக் குறி நகராமல் இருப்பதைப் பொறுத்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் என் முதல் பயணம். இறங்க வேண்டிய நாள், ஆலங்கட்டி மழை. நல்ல பாறை ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் இந்தப் பக்கமே ஒரு பெரிய கல்லைக் காட்டினேன்.

"மேடம், அது உக்காந்திருக்கற கல்லு. மொளச்ச கல்லு இல்ல."

"பஸ் அளவுக்கு இருக்கு. அத யாரு நகத்தப் போறா?"

"நகத்த ஆளு வேணாம். அடியில ஐஸ் இருந்தா அதுவே கெளம்பிப் போயிடும். டிக்கெட்கூட எடுக்காது."

"பழனிதா, ரெண்டு மணிக்குள்ள எறங்கணும். பெயிண்ட எடுங்க."

எடுத்தார். நான் அதிகாரி. சிவப்புக் குறி போட்டு முடித்ததும், என்னைக் கேட்காமல் ஓடையைத் தாண்டிப் போய், அந்தப் பக்கத்துப் பாறையில் உளியால் ஒரு சிலுவை வெட்டினார். கல்லுக்கும் சிலுவைக்கும் உள்ள தூரத்தை அளந்து, தன் களக் குறிப்பேடுகளில் ஏழாவதில் எழுதிக்கொண்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த ஆண்டு ஓடையில் வெள்ளம். தாண்ட முடியவில்லை. சிவப்புக் குறியிலிருந்து மட்டும் அளந்தோம். மூக்கு, யாரும் எதிர்பார்க்காத தூரம் பின்வாங்கியிருந்தது. அறிக்கை தில்லிக்குப் போனது. செய்தித்தாள்கள் பெரிய எழுத்தில் போட்டன. கொல்கத்தா சால்ட் லேக்கில் ஒரு கருத்தரங்கில் பேச என்னைக் கூப்பிட்டார்கள், கை தட்டினார்கள். அறிக்கையில் பழனிதாவின் பெயர் இல்லை. தொழில்நுட்ப ஊழியர்களின் பெயரைப் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை.

மூன்றாம் ஆண்டு ஓடை வற்றியிருந்தது. அவர் அளவு நாடாவின் நுனியோடு சிலுவைக்குப் போனார். எண்ணைக் கத்திச் சொன்னார். குறிப்பேட்டைப் பார்த்தேன்.

"இன்னொரு தரம் படிங்க!"

"மூணு தரம் படிச்சிட்டேன் மேடம். கல்லு நடந்திருக்கு."

அடியிலிருந்த பனி உருகி, அந்தப் பெரிய கல் பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கம் சரிந்திருந்தது. கல் சரிந்த தூரத்தையும் பனி பின்வாங்கிய கணக்கில் சேர்த்து நாங்கள் உலகத்துக்குச் சொல்லியிருந்தோம். பனி பின்வாங்கியது உண்மை. நாங்கள் சொன்ன அளவு பொய்.

கூடாரத்தில் அவர் குறிப்பேட்டைத் திறந்து, பழைய எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார். சரியான எண்ணை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். களக் குறிப்பேட்டில் ரப்பர் தொடக்கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. அடித்த எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும். "படிக்கிறவன் பாக்கட்டுமே மேடம், நாம மொதல்ல என்ன நெனச்சோம்னு" என்றார். கல்லைத் தேர்ந்தெடுத்தது யார் என்று அவர் எழுதவில்லை.

கொல்கத்தா திரும்பியதும் இயக்குநர் அறையில் கூட்டம். மண் குவளைகளில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பேச்செல்லாம் வங்காள மொழியில் நடந்தது.

"இப்போது தப்பு என்று சொன்னால், பனியே உருகவில்லை என்று சொல்கிறவர்கள் கூத்தாடுவார்கள். அதற்கு நாமே மேளம் கொடுப்பதா?" என்றார் இயக்குநர்.

"பனி உருகுதுன்னும் சேத்தே சொல்லுவோம், சார். நாம மறைச்சத அவங்களே கண்டுபிடிச்சா, அப்புறம் நாம எதச் சொன்னாலும் நம்பமாட்டாங்க" என்றார் பழனிதா.

"நீ சர்வேயரா, விஞ்ஞானியா?"

"அளக்கறவன் சார்."

யாரோ சிரித்தார்கள். மறுநாள் ஒரு தாள் வந்தது. குறி நிலையானது, அறிக்கை சரியானது என்று போனவர்கள் எல்லோரும் உறுதி கூற வேண்டும். ஒப்பமிடாவிட்டால் அடுத்த ஆண்டு மலைக்குப் போகும் பட்டியலில் பெயர் இருக்காது என்று வாய்மொழியாகத் தெரிவித்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். பழனிதா போடவில்லை. எல்லைப்புறத் தகவல் என்று முத்திரை குத்தி ஏழாம் குறிப்பேட்டை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். நிர்வாகக் காரணம் என்று சொல்லி அவரைக் கிடர்பூருக்கு அனுப்பினார்கள்.

துறைமுகத்தை ஒட்டிய தகரக் கூரைக் கிடங்கு அது. பழைய முக்காலிகள், துருப்பிடித்த சங்கிலிகள், வாசலில் நாள் முழுக்க லாரிகள். பனியில் நடந்தவர் அங்கே பனியன் நனைய உட்கார்ந்து, இனி யாரும் கேட்காத கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் ஒன்றுதான். அதையும் பெட்டிகள் அடைத்திருந்தன. பார்க்கப் போன என்னிடம் சொன்னார்:

"பாத்தீங்களா மேடம், ஐஸ்காரனக் கொண்டுவந்து அடுப்புல வெச்சிட்டாங்க."

எனக்குச் சிரிக்க வரவில்லை. "பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லிடுங்களேன்" என்றேன். எவ்வளவு கேவலமான யோசனை. கையெழுத்துப் போட்டவள் நான், சொல்ல வேண்டியவர் அவர்!

"குறிப்பேடு இல்லாம சொன்னா நானும் டீக்கடையில பேசறவன்தான். இங்க ஒருத்தன் தெனமும் சொல்றான், இந்த ஐஸ் கதையெல்லாம் சுத்தப் பொய்னு. அவன் சொல்றது தப்பு மேடம். ஆனா நம்மள சந்தேகப்படறான் பாருங்க, அதத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

ஆறு ஆண்டுகள் அந்தத் தகரத்தின் கீழ் இருந்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் திருத்தத்தை வெளியிடக் கோரி ஒரு மனு அனுப்பினார். ஒவ்வொன்றிலும் 'பெறப்பட்டது' என்ற முத்திரை மட்டும் விழுந்தது. அந்த ஆறு ஆண்டுகளும் நான் மலைக்குப் போனேன். போகிற இடமெல்லாம் அந்தத் தவறான எண்ணை ஒப்பித்தேன். அதிலிருந்து வெளியேற எனக்கும் வழி தெரியவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. வழி தெரிந்தது. போகப் பயந்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த உளி. போன ஆண்டு, "ஒங்களுக்குத்தான் தேவப்படும்" என்று கிடங்குப் பதிவேட்டில் ஒப்பம் வாங்கிக்கொண்டு கொடுத்தார். அதோடு அந்த ஒற்றைக் கோடும் இருக்கிறது. அதை இங்கே போடுகிறேன். கல்லைத் தேர்ந்தெடுத்தது நான். எச்சரித்தது பழனிவேலு. குறி நிலையானது என்று நான் போட்ட கையெழுத்து பொய். அடித்துவிடுகிறேன், எல்லோரும் படிக்கும்படியே இருக்கட்டும்.

இரங்கல் கூட்டத்தில் இரண்டு நிமிட மௌனம் முடிந்ததும் எழுந்து, அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். இயக்குநர் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

அவரோடு வேலை செய்தவர்களே, உங்களில் பலரும் அதே தாளில் கையெழுத்துப் போட்டவர்கள். அதனால் இங்கேயும் கேட்கிறேன். ஏழாம் குறிப்பேட்டை வெளியே எடுங்கள். திருத்தத்தை அவர் பெயரில் அச்சிடுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது?