பேத்தியின் காதில் பாங்கு

துபாயின் தேராவில் என் கடையில் சாம்பிராணி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து மனைவி போன் செய்தாள். பேத்தி பிறந்திருந்தாள், எங்களுக்கு முதல் பேத்தி.

"மகன் குவைத்துல டூட்டியில மாட்டிக்கிட்டான். போனைப் புள்ள காதுல வைக்கிறேன், நீங்களே பாங்கு சொல்லிருங்க மச்சான்."

என் தங்கை பிறந்த அறையிலும் இதே சாம்பிராணி வாசம்தான். வாப்பா சிங்கப்பூரில் இருந்ததால், மாமாதான் வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்து, பிறந்த பிள்ளை முதலில் கேட்க வேண்டிய தொழுகை அழைப்பான பாங்கை அவள் காதில் சொன்னார். பிறகு காய்ச்சலென்றாலும் அடமென்றாலும் தங்கைக்கு மாமாவின் தோள்தான். ஊருக்கு வந்த வாப்பா கை நீட்டினால், அவள் மாமாவின் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

"சம்பந்தி பக்கத்துலதானே இருக்கார்?"

"இருக்கார். உங்களுக்கு ஆசையில்லையா?"

"இருக்கு. தூக்கி வளக்கப்போறவர் சொல்லட்டும். போனை மட்டும் வச்சிடாதே, நானும் கேக்குறேன்."