தகரக் கொட்டிலில் ஒரு குளிர்ப்பெட்டி

கிளேட்டன் என்ற புறநகரில் இருந்த எங்கள் வீட்டின் பின்வளவில் ஒரு தகரக் கொட்டில் இருந்தது. புல்லு வெட்டும் மெஷினையும் கால் உடைந்த கதிரைகளையும் போட்டு வைக்கிற இடம். கோடையில் அதற்குள் நுழைந்தால் ரொட்டி சுடும் போறணைக்குள் தலையை விட்டது போல இருக்கும். அதை இடித்துவிடப் போவதாக அப்பா ஒவ்வொரு வருடமும் சொல்வார். அந்தக் கொட்டிலைப் பார்த்து ஒருவர் முகம் மலர்ந்தது எனக்குப் பெரிய அதிசயம்.

அவர் மேற்கு ஆபிரிக்காவில் சியரா லியோனிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர். எங்கள் பின்னறையை வாடகைக்குப் பார்க்க வந்த அன்று அறையை அரைக்கண்ணால் பார்த்துவிட்டு, கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வியர்த்து வழிய வெளியே வந்து, இது தன் ஊரைப் போலவே இருக்கிறது, இதையும் சேர்த்துத் தருவீர்களா என்று கேட்டார். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. அம்மா சொன்னபடி அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

அக்காவின் ஊருக்கு மின்கம்பி போகவில்லை. வெயிலுக்கு மட்டும் குறைவில்லை. அந்த வெயிலிலேயே ஓடுகிற குளிர்ப்பெட்டி ஒன்றை அவர் செய்துகொண்டிருந்தார். கிராமத்து மருத்துவ நிலையங்களில் பிள்ளைகளுக்குப் போடுகிற தடுப்பூசி மருந்தை அதில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஏசி போட்டிருந்ததால் பெட்டி அங்கே சுகமாக ஓடியது. சுட்டெரிக்கும் இடத்தில் ஓடுமா என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் எங்கள் கொட்டில்.

கொட்டிலின் கூரையில் அவருடைய சூரியத் தகடுகள் ஏறின. உள்ளே ஒரு பெரிய பற்றரி, அதன் பக்கத்தில் வெள்ளைப் பெட்டி. அதன் முகப்பில் சின்னத் திரை. அதில் இரண்டு சிவப்புக் கோடுகளுக்கு நடுவே, உள்ளே இருக்கும் குளிரின் அளவைக் காட்டும் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும். கோடை முழுக்க அந்தப் பச்சை, சிவப்பைத் தொடாமல் இருந்தால் பெட்டி பாஸ். பிறகு அதே மாதிரிப் பெட்டிகளைச் செய்து அவருடைய நாட்டுக்கு அனுப்ப ஆட்கள் தயாராக இருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்க் கோட்டைப் பார்ப்பேன்.

பெரியப்பாவுக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. நுரையீரல் பழுதாகி, மூக்கில் குழாயோடு எங்கள் முன்னறையில் இருந்தவர் அவர். காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று அவருடைய கட்டிலடியில் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார்:

"உதுக்குள்ள தண்ணிப் போத்தலைத் தவிர வேற ஒண்டும் இல்லை. தண்ணியைக் குளிராக்கிறதுக்கு ஆபிரிக்காவில இருந்து ஏன் மினக்கெட்டு வரவேணும்?"

மருந்துக்குப் பதிலாகத்தான் தண்ணீர் வைத்துச் சோதிக்கிறார் என்று அம்மா விளக்கினார். பெரியப்பா நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் அக்கா அவரைக் கண்டால் நின்று கதைப்பார். அக்காவுக்குத் தெரிந்த தமிழ், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஓம்' ஒன்றுதான். பெரியப்பா எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டு ஓம் என்பார். வெயில் கூடவோ? ஓம். உங்கட ஊரில யானை இருக்கோ? ஓம். பேச்சு அழகாகப் போகும்.

அந்த வருடத்தின் மிகக் கடுமையான வெயில் நாள் வரப்போகிறது என்று டிவியில் சொன்னபோது ஊரே பயந்தது. அக்கா மட்டும் கலியாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன், இதைத் தாங்கினால் பெட்டி எதையும் தாங்கும் என்று சொல்லி, விடிந்ததிலிருந்து கொட்டில் வாசலிலேயே நின்றார்.

மத்தியானம் கரண்ட் போய்விட்டது. எங்கள் தெருவில் மட்டுமல்ல, சுற்றுவட்டாரம் முழுக்க. பெரியப்பாவின் மெஷின் கீச்சிட்டுவிட்டு நின்றது. அவசரத்துக்கென்று வைத்திருந்த ஒட்சிசன் சிலிண்டரை அம்மா மாட்டிவிட்டார்.

"எங்களுக்கென்ன பயம், கூரையில சோலார் இருக்குதல்லோ," என்று என்னிடம் சொன்னார். அப்பா ஆசை ஆசையாகப் போட்ட சோலார் அது.

ஆனால் ஒரு லைட்கூட எரியவில்லை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அக்காதான் வந்து விளக்கினார். வீட்டுச் சோலார் தெருக் கம்பியோடு பிணைந்தது. தெருவில் கரண்ட் நின்றால் அதுவும் தானாக நின்றுவிடும், கம்பியில் வேலை செய்கிறவர்களுக்குக் கரண்ட் அடிக்காமல் இருப்பதற்காக. அம்மா கூரையை அண்ணாந்து பார்த்த பார்வை, நம்பிய ஆள் கைவிட்டது போல இருந்தது.

அப்பா ரயில் ஓட்டுகிறவர். அன்று வேலையில் இருந்தார். கூப்பிட்டால் எடுக்கவில்லை. காரும் அவரிடம். அம்மா அம்புலன்ஸுக்கு அடித்தார். வெயிலில் எங்கும் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள், அனுப்புகிறோம், ஆனால் சுணங்கும் என்றார்கள். சிலிண்டரின் முள் சிவப்புப் பக்கம் இறங்கத் தொடங்கியது. பெரியப்பா கதைப்பதை நிறுத்திவிட்டார். அவருடைய நகங்கள் நீலமாகிக்கொண்டு வந்தன. நான் அவருடைய கையைப் பிடித்தபடி நின்றேன். அது குளிர்ந்திருந்தது. அந்த வெயிலில் எப்படிக் குளிரும் என்று எனக்கு விளங்கவில்லை.

அக்கா முன்னறை வாசலில் நின்று மெஷினையும் பார்த்தார், பெரியப்பாவையும் பார்த்தார். பிறகு கொட்டிலுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். பச்சைக் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவு வெயிலிலும். அக்கா அதன் மேல் ஒருதரம் விரலை வைத்தார். பற்றரி இரண்டையும் சேர்த்து ஓட்டாது என்று சொல்லி, பெட்டியின் வயரைப் பிடுங்கினார்.

"உந்தப் பக்கம் பிடி," என்று அம்மா கத்தினது நினைவிருக்கிறது. பற்றரியிலிருந்து வருகிற வயர் முன்னறைக்கு எட்டாது. அதனால் மெஷினைத் தூக்கிக்கொண்டு கொட்டில் பக்கம் போனோம். குசினியின் பின்வாசலில், கொஞ்சமாவது நிழல் இருந்த இடத்தில், பெரியப்பாவைக் கதிரையில் இருத்தி ஈரத் துவாயால் போர்த்தினோம். அக்கா மெஷினைப் பற்றரியோடு பொருத்தினார். அது ஒருதரம் இருமிவிட்டு உறுமத் தொடங்கியது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்புலன்ஸ் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பெரியப்பா அதற்குள் தண்ணீர் கேட்டுக் குடித்திருந்தார். படுக்கையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகும்போது அக்காவின் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, உன்ர பெட்டி பழுதாப்போச்சோ?"

"ஓம்," என்றார் அக்கா, வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு.

அவருக்கு வேறு சொல் தெரியாததால் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். கொட்டிலுக்குள் போய்ப் பார்த்தேன். பச்சைக் கோடு மேலேயிருந்த சிவப்பைத் தாண்டி எங்கேயோ ஏறிப் போயிருந்தது.

பெரியப்பா சுகமாகி வீட்டுக்கு வந்த பிறகுதான் அக்கா சொன்னார். சோதனை இடையில் முறிந்ததால் பல்கலைக்கழகத்தில் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்களாம். காரணத்தைச் சொல்லியும் முடியாது என்றுவிட்டார்களாம். இனி அடுத்த கோடை வரை காத்திருந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஊருக்குப் போகிற பயணமும் தள்ளிப்போய்விட்டது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா எழும்பி வெளியே போனார். நான் துள்ளிக் குதித்தேன். இன்னும் ஒரு வருடம் அக்கா எங்களோடு இருப்பார்! மேசையைச் சுற்றி ஆடினேன். யாரும் என்னை ஏசவில்லை.

அக்காவின் ஊரில் ஒரு நர்ஸ் இருந்தார். தூரத்துப் பட்டினத்திலிருந்து ஐஸ் கட்டி நிரப்பிய பெட்டியில் மருந்தை வைத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வருகிறவர். வழியில் பாலம் உடைந்திருந்தால், மழை பிடித்தால், ஐஸ் கரைந்துவிடும். வரிசையில் நிற்கிற தாய்மாரைப் பிள்ளைகளோடு திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். திரும்பிப் போகிறவர்களில் சிலர் மறுபடி வருவதில்லை, சிலர் பிள்ளையில்லாமல் வருவார்கள். இதையெல்லாம் அக்கா எனக்குச் சொன்னது நான் நன்றாக வளர்ந்த பிறகு, ஏதோ கதையோடு கதையாக.

நான் மேசையைச் சுற்றி ஆடிய அன்று பின்னேரம் அக்கா அந்த நர்ஸை வீடியோவில் கூப்பிட்டுத் தங்கள் மொழியில் விசயத்தைச் சொன்னார். நான் அக்காவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, அக்கா எங்களோடுதான் இருக்கப்போகிறார் என்று ஆங்கிலத்தில் கத்தினேன். திரையில் இருந்த நர்ஸ் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"உனக்கு அதிர்ஷ்டம், மகளே," என்றார்.

நான் நன்றி சொன்னேன்.